பிரிண்டரிடம் தோற்ற பென்குவின்

2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஒரு சிறு செய்தியை ஒளிபரப்பிற்று. கல்லூரிப் பாடங்களை இணையவழியில் பயில விரும்பிய இளம்பெண் ஒருவர், ஏறத்தாழ 1,100 டாலர் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினார். அது வீடு வந்து சேர்ந்த பிறகுதான், தாம் பழகிய விண்டோஸ் அதில் இல்லை, உபுண்டு என்னும் லினக்ஸ் வகை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மாணவர்களுக்கு ஏற்றதுதான், வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுமுனையில் இருந்தவர் ஊக்கமளித்தார். அவரும் வைத்துக்கொண்டார். பிறகு இணைய இணைப்புக்கென்று தரப்பட்ட குறுந்தகடு அதில் இயங்கவில்லை. பாடங்களுக்கு வேண்டியதென்று அவர் கருதிய வேர்ட் மென்பொருளும் அதில் ஏறவில்லை. இரண்டு பருவங்களின் படிப்பை அந்தப் பெண் கைவிட்டார்.

செய்தியாளர்கள் தலையிட்டு விசாரித்தபோது, குறுந்தகடு இல்லாமலேயே இணைப்பை அமைத்துத் தரலாம் என்றது இணைய நிறுவனம். வேறு மென்பொருளில் எழுதிய பாடங்களை ஏற்பதில் தடையில்லை என்றது கல்லூரி. ஆக, அவருடைய படிப்பை நிறுத்திய இரண்டு தடைகளும் உண்மையில் தடைகளே அல்ல. விவரம் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்திருந்தால் தீர்ந்து போயிருக்கும். அப்படி ஒருவர் இல்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் எடுத்து எழுதியிருக்க மாட்டோம். செய்தி பரவியதும் லினக்ஸ் அன்பர்கள் பலர் திரண்டு வந்தனர். உதவி செய்ய அன்று. அந்தப் பெண்ணை அறிவிலி என்றும், சோம்பேறி என்றும், படிக்காமலிருக்கச் சாக்குத் தேடுபவர் என்றும் ஏசினர். அவருக்கு வந்த வசைகளே அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு இன்னொரு செய்தியாயின. வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். பின்வரிசை மாணவன் ஒருவன் துணிந்து எழுந்து ஒரு தவறான கேள்வியைக் கேட்கிறான். முன்வரிசை சிரிக்கிறது. அந்த ஆண்டு முழுவதும் அவன் மீண்டும் எழுந்து நிற்பதில்லை.

யாவருக்கும் பொதுவாக, இலவசமாக வழங்கப்படும் ஓர் இயங்குதளம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. வீட்டு மேசைக் கணிப்பொறிகளில் மிகச் சிறு பங்கையே அதனால் பெற முடிந்திருக்கிறது. "நல்லதுதான், ஆனால் கடினம்" என்பதே அதைப் பற்றிய பொதுப் பேச்சு. இந்தப் பெயர் எவ்வாறு வந்தது, அதில் எவ்வளவு நியாயம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கைப்பக்குவமும் காப்பும்

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகள் யாவற்றையும் இயக்கி, நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. அதன் மூல நிரலை, அதாவது நிரலர்கள் எழுதிய வரிகளை, நாம் பார்க்க இயலாது. திறந்த மூல இயங்குதளத்தில் அந்த வரிகள் யாவருக்கும் திறந்தே இருக்கும். கல்யாண வீட்டுப் பண்டாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் பிரியாணியை மட்டும் விற்பார். பக்குவத்தை மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டார். மற்றொருவர் பக்குவத்தையும் எழுதிக் கொடுத்து, நீயும் சமை, மாற்றிச் சமை, அயலாருக்கும் கொடு என்பார். இரண்டாமவரின் வழியே இது. "கட்டற்ற மென்பொருள்" என்று இதனைத் தமிழில் வழங்குவர்.

இந்த இயக்கத்தின் பிறப்பிலேயே ஒரு பிரிண்டர் இருக்கிறது என்பது சுவையான செய்தி. 1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளித்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பிரிண்டரோ வேறு இடத்தில். அச்சிட அனுப்பியவர் தம் இருக்கையில் காத்திருப்பார். அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், முந்தைய பிரிண்டருக்குச் செய்ததைப் போலவே, சிக்கல் நேரும்போது பயனாளர்களுக்கு அறிவிக்கும்படி இதன் நிரலையும் மாற்ற விரும்பினார். மூல நிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்த ஆய்வாளரை நேரிலே கண்டு கேட்டார். வெளியே கொடுப்பதில்லை என்று வாக்களித்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இந்த மனத்தாங்கலின் தொடர்ச்சியாகவே 1983-இல் ஸ்டால்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தே இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கும் இயங்குதளமாயிற்று. 1996-இல் ஒரு பென்குவின் அதன் அடையாளமாக வரையப்பட்டது.

தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தியவர்கள் யாவரும் நிரலர்கள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வது அவர்களுக்கு எளிது, அதுவே விரைவும்கூட. பிறருக்கு அஃது இயலாது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் மத்தியாஸ் எட்ரிச் என்னும் ஜெர்மன் மாணவர். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தில், ஒவ்வொரு நடத்தையில் இருந்தால் சாதாரண மனிதர் என்ன செய்வார் என்று கேட்டு, 1996 அக்டோபரில் கே.டி.இ. என்னும் மேசைத் தளத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த ஒரு கருவித்தொகுப்பின் உரிமத்தை ஏற்காத சிலர், 1997-இல் க்னோம் என்று மற்றொன்றைத் தொடங்கினர். ஒரே தெருவில் இரண்டு சங்கங்கள். இந்தப் பழக்கம் நமக்கும் தெரிந்ததுதான். கொள்கை அளவில் அவர்கள் கொண்ட வேறுபாடு நியாயமானதே. ஆனால் வெளியிலிருந்து புதிதாய் வருபவர் முதல் கேள்வியிலேயே தடுமாறினார்: இவற்றில் எது?

டில்லி மாமியின் சோதனை

2004 பிப்ரவரியில் எரிக் ரேமண்டு என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். இவர் சாமானியரல்லர். திறந்த மூல இயக்கத்தின் பெரும் பரப்புரையாளர். அனுபவம் மிக்க நிரலர். அவருடைய வீட்டில் இரண்டு கணிப்பொறிகள். பிரிண்டர் மனைவியாரின் கணிப்பொறியில் இணைக்கப்பட்டிருந்தது. தம் கணிப்பொறியிலிருந்து அதில் அச்சிட வேண்டும். அவ்வளவே அவர் நாடியது. கப்ஸ் என்னும் அச்சு மென்பொருள் அதற்குத் தேவையான எல்லா ஆற்றலும் உடையது. ஆயினும் அவர் படாத பாடு பட்டார். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிரிண்டரை அமைப்புத் திரை தானே தேடிக் கண்டுபிடிக்கவில்லை. முகவரியை நீங்களே தாருங்கள் என்றது. மறுமுனையிலோ, பிற கணிப்பொறிகளிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்காதபடியே அந்த மென்பொருள் தொடக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தது. இந்தச் செய்தியை எந்தத் திரையும் அவருக்குச் சொல்லவில்லை.

எனக்கே இந்த நிலையென்றால் டில்லி மாமி என்ன செய்வார் என்று ரேமண்டு கேட்டார். (தலைநகருக்கும் இந்த மாமிக்கும் தொடர்பில்லை. கணிப்பொறி நுட்பம் ஏதுமறியாத, ஆனால் அதில் வேலை நடக்க வேண்டிய முதிய பெண்மணி ஒருவரை அவர் கற்பனையாகப் படைத்து இட்ட பெயர் அது.) அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஒருமுறையேனும் டில்லி மாமியை நினைத்துப் பார்த்ததில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ரேமண்டு இவ்வாறு அல்லற்பட்டதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2002-இல், ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணிப்பொறிகளில் அதே கப்ஸ் மென்பொருளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மேக் வைத்திருந்தவர்கள் அதன் பெயரைக்கூட அறியாமல் அதன் வழியே அச்சிட்டுக்கொண்டிருந்தனர். "மேக் எவ்வளவு எளிது!" என்று பாராட்டவும் செய்தனர். அடியில் இருந்த நிரல் ஒன்றே. அதன்மேல் ஆப்பிள் ஒரு திரையை அமைத்திருந்தது. திரையில் எந்தச் சொல் இருக்க வேண்டும், எது முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சிந்திக்கச் சிலரை அமர்த்தியிருந்தது. ஒன்றுக்கு எளிமையின் சின்னம் என்று பெயர், மற்றொன்றுக்குக் கடினத்தின் சின்னம் என்று பெயர். நம் கருத்தில் இந்த விவகாரத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. திறந்த மூலம் என்பதால் ஒன்று கடினமாவதில்லை. சமைத்தவர் பரிமாறாமல் போனதால்தான் அது கடினமாகிறது. பிரியாணி சஹனில் வந்து இறங்கும்போது நமக்கு எளிதாகத்தானே இருக்கிறது! அடுப்படிக்குச் சென்று நாமே அகப்பையால் அள்ளிக்கொள்ள வேண்டுமென்றால் அதே பிரியாணி கடினம்.

பரிமாற முயன்றவர்களே இல்லையென்று சொல்வது அநியாயம். 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் பயனாளர்கள் சிலரை உட்காரவைத்து, க்னோம் திரையில் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பதிவு செய்தது. அந்தப் படிப்பினையோடு 2002-இல் வெளிவந்த க்னோம் 2, குழப்பும் தெரிவுகளைக் குறைத்து எளிமையை நாடியது. ஆனால் 2005 டிசம்பரில் டோர்வால்ட்ஸே எழுந்து அதைக் கடுமையாகச் சாடினார். பயனாளர்களை அறிவிலிகளாகக் கருதி வேண்டிய வசதிகளை எடுத்துவிடுகிறீர்கள், கே.டி.இ.யைப் பயன்படுத்துங்கள் என்று அனைவருக்கும் சொல்வேன் என்பது அவருடைய வாதம். அந்தச் சண்டை எதைப் பற்றித் தொடங்கிற்று என்றால், நம்ப மாட்டீர்கள், பிரிண்டரின் தெரிவுத் திரையைப் பற்றி.

டோர்வால்ட்ஸ் சொன்னதிலும் உண்மையில்லாமல் இல்லை. எளிமை என்பது பொத்தான்களைக் குறைப்பதன்று. தேவையான பொத்தான் தேவையான நேரத்தில் கண்ணில் படுவது. ஆனால் இயக்கத்தின் தலைவரே தெருவில் நின்று இப்படிப் பேசும்போது, டில்லி மாமி சாளரத்தை மூடிக்கொள்கிறார்.

பெயரைக் கெடுத்தவர்கள்

லினக்ஸின் பெயரைப் போட்டியாளர்கள் கெடுத்தார்கள் என்பது அன்பர்களின் நீண்டநாள் முறையீடு. அதற்கு ஆதாரமும் உண்டு. 2001-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமை அலுவலர் ஸ்டீவ் பால்மர், செய்தித்தாள் பேட்டி ஒன்றில் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். லின்டோஸ் என்ற பெயரில் லினக்ஸ் வகை ஒன்றை வெளியிட்ட நிறுவனத்தின்மீது மைக்ரோசாப்ட் வழக்குத் தொடுத்தது. 2004-இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்து, பெயரை மாற்றச் செய்து சமரசம் கண்டது. இவற்றையெல்லாம்விட வலிமையான தடை ஒன்று உண்டு. கடையில் வாங்கும் கணிப்பொறியில் விண்டோஸ் முன்பே இருக்கிறது. லினக்ஸ் வேண்டுமென்றால் இருப்பதை அழித்து நாமே நிறுவ வேண்டும். விண்டோஸையும் தம் கையால் நிறுவ வேண்டியிருந்தால் எத்தனை பேர் அதை எளிது என்பார்கள்?

ஆனால் ஏளனத்தில் பாதி வீட்டுக்குள்ளேயே தயாரானது. சந்தேகம் கேட்டு வந்த புதியவரிடம் "கையேட்டைப் படி" என்று ஒரு தகாத சொல்லையும் சேர்த்துச் சொல்வது அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கமாகவே இருந்தது. அதற்கு நான்கெழுத்துச் சுருக்கக் குறிகூட உண்டு. கடினத்தைக் கடந்துவந்தவர்கள் அந்தக் கடினத்தையே தம் தகுதிச் சான்றிதழாக வைத்துக்கொள்வது உலகெங்கும் காணப்படும் பலவீனம். எளிதாகிவிட்டால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பேது?

இந்த மனப்போக்குக்கு மாற்றாகப் பிறந்ததே உபுண்டு. தென்னாப்பிரிக்கச் செல்வரும், 2002-இல் சொந்தச் செலவில் விண்வெளிக்குச் சென்று வந்தவருமான மார்க் ஷட்டில்வொர்த் 2004 அக்டோபரில் அதை வெளியிட்டார். அந்தச் சொல்லுக்கு ஆப்பிரிக்க மொழிகளில் பிறர்பால் மனிதநேயம் என்பது பொருள். குறுந்தகடு வேண்டும் என்று எழுதினால் தபால் செலவுகூட வாங்காமல் உலகின் எந்த மூலைக்கும் அனுப்பினார்கள். 2011 வரை இது நடந்தது. உபுண்டுவின் பிழைப் பட்டியலில் முதலாம் எண்ணாக என்ன பதியப்பட்டிருந்தது தெரியுமா? சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாப்டிடம் இருக்கிறது என்பதே! 2013-இல் ஷட்டில்வொர்த் அந்தப் பிழையைத் தீர்ந்ததாகக் குறித்து மூடினார். ஆனால் தீர்த்தது உபுண்டுவன்று, கைபேசிகள். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருதான் என்பதை வாசகர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 2008 முதல் விற்பனைக்கு வந்த அந்தக் கைபேசிகளைப் பேரன் உதவியின்றியே பாட்டிமார் இயக்குகின்றனர். லினக்ஸ் கடினம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. லினக்ஸ் என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை.

2007-இன் பிற்பகுதியில் வந்த ஆஸுஸ் ஈ பி.சி. என்னும் சிறு லேப்டாப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். 7 அங்குலத் திரை; மலிவு விலை. லினக்ஸ் முன்பே நிறுவப்பட்டு, திரை முழுதும் பெரிய பெரிய படங்களுடன் வந்தது. மக்கள் விரும்பி வாங்கினர். மைக்ரோசாப்ட் விழித்துக்கொண்டது. ஓய்வு பெறவிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஆயுளை 2008-இல் நீட்டி, இத்தகைய சிறு கணிப்பொறிகளுக்கென்று வழங்கிற்று. ஓரிரு ஆண்டுகளில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி விண்டோஸ் வசமாயிற்று. லினக்ஸுடன் வாங்கியவர்கள் நான்கு மடங்கு அதிகமாகத் திருப்பித் தருகிறார்கள் என்று எம்.எஸ்.ஐ. நிறுவனத்தார் ஒருவர் 2008-இல் சொன்னார். அப்படியொன்றும் வேறுபாடில்லை என்று டெல் நிறுவனத்தார் 2009-இல் சொன்னார். முதற்செய்தி பரவிய வேகத்தில் நூறில் ஒரு பங்குகூட இரண்டாம் செய்தி பரவவில்லை. பெயர் கெடுவது என்பது இப்படித்தான்.

இரண்டு ஊர்கள்

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. முடிவு வருமுன் பால்மரே விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு வந்து மேயரைக் கண்டு பேசினார். நகரம் இசையவில்லை. மாற்றும் பணி 2013-இல் நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் லினக்ஸில் ஓடின. உலகமே அதை எடுத்துக்காட்டாகப் பேசிற்று. ஆனால் 2014-இல் புதிய மேயர் வந்தார். ஊழியர் முறையிடுகின்றனர் என்றார். 2016-இல் ஆலோசனை நிறுவனங்கள் தந்த அறிக்கை, பெரும்பாலான தொல்லைகளுக்கு நுட்பம் காரணமன்று, கணிப்பொறிப் பணி பல துறைகளிடையே சிதறிக் கிடப்பதே காரணம் என்று காட்டிற்று. யாரிடம் முறையிடுவது என்பதே ஊழியருக்குத் தெளிவாக இல்லாத ஏற்பாடு அது. எனினும் பழி லினக்ஸ்மேல் விழுந்தது. 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவாயிற்று. செலவு ஏறத்தாழ 5 கோடி யூரோ என்று மதிப்பிட்டனர். 2020-இல் அமைந்த புதிய நகராட்சிக் கூட்டணி, இயன்ற இடங்களில் எல்லாம் மீண்டும் திறந்த மூலம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-இல் தன் 30,000 கணிப்பொறிகளை இவ்வழிக்கு மாற்றப்போவதாக அறிவித்தது.

இனி நமக்கு அண்டை மாநிலம். 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்திலேயே ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுவந்த கேரள அரசு, ஆசிரியர் அமைப்புகளும் ஆர்வலர்களும் வலியுறுத்தியதை ஏற்றுப் படிப்படியாக முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. 2019-இல் வெளியிடப்பட்ட அவர்களுடைய லினக்ஸ் பதிப்பு 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கு என்றும், இதனால் மிச்சமாகும் தொகை 3,000 கோடி ரூபாய் என்றும் அரசுத் தரப்பில் தெரிவித்தனர்.

மியூனிக்கைவிடப் பெரிய இந்த மாற்றத்தைப் பற்றி உலகம் மிகக் குறைவாகவே பேசியது. இங்கே நடந்தது என்ன? பள்ளிக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக்கினார்கள். அவர் கணிப்பொறி நிபுணர் அல்லர். கணக்கோ மலையாளமோ கற்பிப்பவர். அவருக்குப் பயிற்சி அளிக்க முதன்மைப் பயிற்றுநர்கள் இருந்தனர். பாடநூலில் இருந்த படமும் திரையில் தெரிந்த படமும் ஒன்றாக இருந்தன. பத்தாம் வகுப்பிலே செய்முறைத் தேர்வும் அதில்தான். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்க, கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தார். விஸ்கான்சின் பெண்ணுக்குக் கிடைக்காத அந்த ஒரு மணி நேரம், இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் கிடைத்தது. லினக்ஸ் கடினம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. அவர்களுக்கு முதலில் தெரிந்ததே அதுதான்.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாகி 2007-இல் வெளிவந்த பாஸ் என்னும் லினக்ஸ் வகை, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலேயே பட்டியல்களையும் திரைகளையும் காட்டும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸுடன் இதுவும் வைக்கப்பட்டிருந்தது. வைக்கப்பட்டது, கற்பிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. கணிப்பொறியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், தெரிந்த பெயரைத்தான் பிள்ளை தேர்ந்தெடுக்கும்.

இன்றைய நிலை

மைக்ரோசாப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா 2014-இல் லினக்ஸை நேசிக்கிறோம் என்று மேடையிலேயே அறிவித்தார். உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 நவம்பர் பட்டியல் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆனால் நம் வீட்டு மேசையின் கதை வேறு. அங்கே 2025 அக்டோபர் 14-ஆம் நாள் ஒரு திருப்பம் நேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் பொதுவில் அன்றுடன் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 2018-க்கு முந்திய கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பழுதில்லாத கணிப்பொறியைப் பழைய இரும்புக்குப் போடுவதா என்று தயங்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அத்தகையோர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

முன்போல எதையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் நேராது. ஜெர்மானியர் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் நாப்பிக்ஸ் என்ற பெயரில் குறுந்தகட்டிலேயே செய்து காட்டிப் பரவலாக்கிய வழி இது. இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிள்ளைகளின் பள்ளி வகுப்புக்கான மென்பொருள் இயங்குகிறதா என்று ஒரு பொழுது பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் தமிழையும் அரபியையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். வலமிருந்து இடமாக வரும் வரி ஒழுங்காகவே அமைகிறது. குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. வேர்டில் எழுதிய கோப்பின் அமைப்பு அங்கே திறக்கும்போது சில வேளை கலைந்துவிடும். வருமானவரி, கணக்கு சம்பந்தமான சில மென்பொருள்கள் விண்டோஸுக்கு மட்டுமே உள்ளன. கடை வைத்திருப்போர் இதனை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலோ மஹல்லாவிலோ இதைப் பயன்படுத்தும் பிள்ளை ஒருவர் இருந்தால், முதல் வாரம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் கேள்விக்கு அவர் சிரித்தாரென்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

பிரிண்டர் விஷயம் வெகுவாகச் சீர்பட்டுவிட்டது. கம்பியில்லா இணைப்புள்ள புதிய பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றை லினக்ஸ் தானே கண்டுபிடித்து, தனி இயக்கி மென்பொருள் ஏதும் கேட்காமல் அச்சிடுகிறது. ரேமண்டு பட்ட பாட்டை இன்று படிப்பவர்களுக்கு அது பழங்கதைதான். ஆனால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவலாகக் காணப்படும் பழைய லேசர் பிரிண்டர்களுள் சில இன்னும் முரண்டு பிடிக்கின்றன. ஆகவே பென் டிரைவில் சோதிக்கும் முதல் நாளிலேயே ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விண்டோஸை அழிப்பதா வேண்டாமா என்று தீர்மானியுங்கள்.